ஃபுட்பாலை நிறுத்திட்டு ஸ்கொயர் டான்ஸ் சொல்லிக்கொடுத்தவர்: ஷையன் மவுண்டன் குழுவின் கதை

பைக்ஸ்பீக்_பாலா எழுதியது:

கொலராடோ ஸ்ப்ரிங்ஸுக்குக் குடிவந்து நாலு வருஷம் ஆகுது. போன மாசம் பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருத்தர் வற்புறுத்திக் கூட்டிட்டுப் போனதால ஒரு ஸ்கொயர் டான்ஸ் க்ளப்பைப் பார்த்தேன். ஹால் பெருசு, கூட்டம் சிறுசு. முக்கால்வாசிப் பேர் எழுபதைத் தாண்டினவங்க. ஆனா ஆட ஆரம்பிச்சதும் அந்த வயசு எங்க போச்சுன்னே தெரியல. திரும்பி வரும்போது தாத்தா சொன்னாரு: "இந்த ஆட்டம் நாடு பூராவும் பரவினது நம்ம ஊர் பள்ளிக்கூடத்துல இருந்துதான், தெரியுமா?" பெருமைக்குச் சொல்றாருன்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சா, பெரும்பாலும் உண்மை.

ஆள் பேரு லாயிட் ஷா. எல்லாரும் கூப்பிட்டது "பாப்பி" ஷா. 1890ல பிறந்தவரு. 1916ல இந்த ஊர் ஓரத்துல இருக்கிற ஷையன் மவுண்டன் பள்ளியின் பொறுப்பை ஏத்துக்கிட்டாரு, 1951 வரைக்கும் விடலை. முப்பத்தஞ்சு வருஷம்! அமெரிக்கப் பள்ளிக்கூடத்துல ஃபுட்பாலை நிறுத்துறதுன்னா நம்ம ஊர் கோயில்ல தேரை நிறுத்துற மாதிரி. இவரு நிறுத்தினாரு. எல்லாப் பிள்ளைங்களும் சேர்ந்து செய்யற மாதிரி ஒன்னு வேணும்னு பார்த்து, ஐரோப்பிய நாட்டார் நடனங்களைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சாரு. அப்புறம்தான் சொந்த மண்ணுலயே, பண்ணைகள்லயும் மலையோரச் சின்ன ஊர்கள்லயும் பெருசுங்க இன்னும் ஆடிக்கிட்டிருந்த ஸ்கொயர் டான்ஸ் கண்ணுல பட்டுது. ஊர் ஊராப் போய்க் கேட்டுக் கேட்டு எழுதி வெச்சாரு. 1939ல "கவ்பாய் டான்சஸ்"னு புத்தகமா வந்துச்சு. முன்னுரை எழுதினது யாருன்னு நினைக்கிறீங்க? பேர்பெற்ற எழுத்தாளர் ஷெர்வுட் ஆண்டர்சன்!

பள்ளிப் பிள்ளைங்களை வெச்சு "ஷையன் மவுண்டன் டான்சர்ஸ்"னு ஒரு குழு. ஜோடி ஜோடியாப் பசங்களும் பொண்ணுங்களும். அமெரிக்கா பூரா சுத்தி ஆடிக் காட்டினாங்க. பார்த்தவங்க "எங்களுக்கும் சொல்லிக்கொடுங்க"ன்னு வர, 1940கள்ல கோடை விடுமுறையில ஆசிரியர்களுக்கு வகுப்பு நடத்தினாரு. அங்க படிச்சவங்க ஒவ்வொருத்தரும் ஊருக்குப் போய் ஒரு க்ளப் தொடங்கினாங்க. நான் பார்த்த க்ளப்பும் அந்த வித்துல முளைச்சதுதான்.

என் கேள்வி: இவ்வளவு பெருசாப் பரவின ஒன்னு இன்னைக்கு ஏன் தாத்தா பாட்டி ஹாலா சுருங்கிப் போச்சு?

---

கிண்டல்குமார் எழுதியது:

ஒன்னும் புரியல. நாலு மூலையில நாலு பேர் நின்னு ஆடுறதா? நம்ம கும்மி மாதிரியா, கோலாட்டம் மாதிரியா?

---

உஷா_மிச்சிகன் எழுதியது:

@கிண்டல்குமார் நாலு பேர் இல்ல தம்பி, நாலு ஜோடி, எட்டுப் பேர். சதுரத்தோட ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஜோடி, உள்பக்கம் பார்த்து நிப்பாங்க. மேடைக்கு முதுகு காட்டி நிக்கிறது ஒன்னாம் ஜோடி. அங்கிருந்து வலது பக்கமா எண்ணிக்கிட்டே வரணும். ஒன்னும் மூனும் "ஹெட்ஸ்", ரெண்டும் நாலும் "சைட்ஸ்". ஆம்பளைக்கு வலது பக்கம் ஜோடி, இடது பக்கத்துல நிக்கிற அடுத்த ஜோடிப் பொண்ணு "கார்னர்".

கும்மிக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்னு இருக்கு. கும்மியில அடுத்த அடி என்னன்னு ஆடுறவங்களுக்கே தெரியும். இதுல தெரியாது. மேடையில மைக்கைப் பிடிச்சு ஒருத்தர் "இதைச் செய், அதைச் செய்"னு கூவிக்கிட்டே இருப்பாரு, காதுல விழுந்த அடுத்த நொடி கால் போகணும். அவருக்குப் பேரு காலர்.

நான் ஏழு வருஷமா ஆடுறேன். டெட்ராய்ட் பக்கம்.

---

கிண்டல்குமார் எழுதியது:

காலரா? சட்டைக் காலரா, காலரா நோயா?

---

உஷா_மிச்சிகன் எழுதியது:

ரெண்டும் இல்ல. கூப்பிடுறவர். "கூவுறவர்"னு வெச்சுக்கோ, உனக்கு வசதியா இருக்கும்.

---

பழுப்புத்தாள் எழுதியது:

பாலா, நல்ல இழை. ஆனால் "பரவியதே எங்கள் ஊரிலிருந்துதான்" என்பதை அப்படியே விட முடியாது. ஷாவுக்குப் பதினைந்து வருடம் முன்பே இதற்குப் பெரும் பணத்தைக் கொட்டியவர் ஹென்றி ஃபோர்ட். கார் ஃபோர்ட்தான்.

1923இல் மாசசூசெட்ஸின் சட்பரியில் உள்ள வேசைட் இன் என்ற பழைய விடுதியை அவர் வாங்கினார். அந்த வட்டாரத்தில் பெஞ்சமின் லவெட் என்ற நடன ஆசிரியரைக் கண்டுபிடித்து, மிச்சிகனில் தம் ஊரான டியர்பார்னுக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டார். கம்பெனி அதிகாரிகள் மனைவியோடு வந்து பழைய நடனம் பழக வேண்டும். முதலாளி கூப்பிட்டால் யார் மறுப்பார்கள்? 1926இல் "குட் மார்னிங்" என்று ஒரு நடன நூலும் வெளியிட்டார். பள்ளிகளிலும் வானொலியிலும் இந்த நடனங்கள் ஏறின.

காரணம் அவ்வளவு அழகானது அல்ல. ஜாஸ் இசையை அவருக்குப் பிடிக்காது. அவருடைய "டியர்பார்ன் இண்டிபெண்டெண்ட்" பத்திரிகை 1920களின் தொடக்கத்தில் ஜாஸை யூதர்களின் சதி என்றே எழுதியது. இளைஞர்களை அதிலிருந்து "மீட்க" அவர் கண்ட மருந்துகளில் ஒன்று இந்தப் பழைய நடனம். ஷாவின் கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

---

உஷா_மிச்சிகன் எழுதியது:

டியர்பார்ன்ல ஃபோர்ட் கட்டின லவெட் ஹால் இன்னும் இருக்கு. 1937ல திறந்தது. உள்ள சரவிளக்கு, தேக்கு மரத் தளம். அந்த நடன ஆசிரியர் பேரையே வெச்சிருக்காங்க. ஹால் அழகுதான், அதுல சந்தேகமில்ல. பழுப்புத்தாள் சார் சொன்னதைப் படிச்சதுக்கப்புறம் அந்தத் தளத்துல கால் வைக்கும்போது கொஞ்சம் நெருடும்.

---

பைக்ஸ்பீக்_பாலா எழுதியது:

பழுப்புத்தாள் அண்ணே, ஒத்துக்கிறேன். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. லவெட் சொல்லிக்கொடுத்தது அமெரிக்க வடகிழக்கோட நியூ இங்கிலாந்து பாணி: சதுரமா நின்னு ஆடுற குவாட்ரில், எதிரெதிர் வரிசையில நின்னு ஆடுற கான்ட்ரா, கையுறை போட்ட மரியாதை. ஷா எடுத்தது மேற்குப் பக்கத்து ஆட்டம்: வேகம், ஓட்டம், கூவல்ல கிண்டல். இன்னைக்கு க்ளப்புல ஆடுறதுக்குத் தாத்தா ஷா பக்கம்தான். பணம் ஃபோர்ட் போட்டிருக்கலாம், ஆளைச் சேர்த்தது பாப்பி.

---

வைகைக்கரை எழுதியது:

இதெல்லாம் எங்க இருந்து வந்துச்சு? கவ்பாய்ங்க கண்டுபிடிச்சதா?

---

பழுப்புத்தாள் எழுதியது:

கவ்பாய் என்பது புத்தகத் தலைப்பு, பெற்றோர் வேறு. இங்கிலாந்தின் கிராமிய நடனங்களை ஜான் பிளேஃபோர்ட் 1651இலேயே அச்சிட்டிருக்கிறார். சதுரமாக நிற்கும் குவாட்ரில், கொட்டிலியன் எல்லாம் பிரான்ஸ் வழி. ஆட்டத்தில் இன்றும் கூவும் சொற்களே சாட்சி. "டோசிடோ" பிரெஞ்சில் "முதுகோடு முதுகு". "ப்ராமெனேட்", "அலமாண்ட்" இரண்டும் அப்படியே. மிசௌரி விவசாயி வாயில் புகுந்து பிரெஞ்சு இப்படி ஆகிவிட்டது.

1917இல் செசில் ஷார்ப் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் கென்டக்கி மலைப் பகுதியில் ஒரு சதுர நடனத்தைக் கண்டார். "கென்டக்கி ரன்னிங் செட்" என்று பெயரிட்டார். இது பிளேஃபோர்டுக்கும் முந்திய சுத்தமான ஆங்கில நடனம், மலைக்குள் ஒளிந்திருந்தது என்று பூரித்துப்போனார். ஷாவும் தம் நூலில் மேற்கத்திய ஆட்டத்துக்கு அதைப் பெரிய மூதாதையாகவே வைத்தார். பிற்கால ஆய்வாளர்கள் அந்தச் "சுத்தத்தை" ஏற்கவில்லை. அது கலவை.

அந்தக் கலவையில் முக்கியமான பங்கு கறுப்பின மக்களுடையது. ஐரோப்பாவில் நடன ஆசிரியர் முன்கூட்டியே பாடம் எடுத்துவிடுவார். ஆட்டத்தின் நடுவே யாரும் கூவுவதில்லை. அமெரிக்கத் தோட்டங்களிலும் நகர விருந்துகளிலும் பிடில் வாசித்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர், பலர் அடிமைகள். வாசித்துக்கொண்டே அடுத்த அசைவைக் கூவிச் சொன்னவர்களும் அவர்களே. சாலமன் நார்த்தப் நினைவிருக்கிறதா? சுதந்திர மனிதராக நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, 1841இல் கடத்தப்பட்டு லூசியானாவில் அடிமையாக விற்கப்பட்டவர். அவர் கையில் இருந்ததும் பிடில்தான். அக்கம்பக்கத் தோட்டங்களின் விருந்துக்கு அவரை வாடகைக்கு அனுப்பினார்கள். "கூவுறவர்" என்ற அந்த வேலையின் வேர் இந்தப் பக்கம் இருக்கிறது. ஃபோர்ட் ஜாஸுக்கு எதிராக எதைத் தூக்கிப் பிடித்தாரோ, அதன் உயிர்நாடியே கறுப்பினக் கலைஞர்கள் தந்தது.

---

வைகைக்கரை எழுதியது:

அடேயப்பா. கடைசி வரி பொருள் உள்ளது.

---

டோக்கியோ_தமிழ் எழுதியது:

கொலராடோ கதைக்கு ஒரு வால் இருக்கு. ஜப்பானுக்கு இந்த ஆட்டம் வந்தது போர் முடிஞ்ச மறுவருஷம், 1946ல, நாகசாகிக்கு. ஆமா, அதே நாகசாகி. அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்துல கல்வி அதிகாரியா இருந்த வின்ஃபீல்ட் நிப்லோ சொல்லிக்கொடுத்தாரு. அவரு டென்வர்ல இருந்து வந்தவரு! ஆணும் பொண்ணும் கை கோத்து ஆடுறதை ஜனநாயகப் பாடமா அமெரிக்கர்கள் பார்த்தாங்க. சக்கரவர்த்தியோட தம்பி இளவரசர் மிகாசாவே இதுல பெரிய ஆர்வலர் ஆகிட்டாரு.

இங்க இன்னும் க்ளப்புகள் நல்லா நடக்குது. வேடிக்கை என்னன்னா, கூவல் முழுக்க இங்கிலீஷ்ல. இங்கிலீஷ்ல ரெண்டு வரி பேசத் தயங்குற என் ஆபீஸ் சீனியர் ஒருத்தர், "ஸ்பின் செயின் த்ரூ"ன்னு கேட்டா கண்ணை மூடிக்கிட்டுச் செய்வாரு. ஜெர்மனி, ஸ்வீடன்னு எங்க போனாலும் இதே கூவல்தான், மொழிபெயர்ப்பு கிடையாது. அதனால எந்த நாட்டு ஹாலுக்குள்ள நுழைஞ்சாலும் காலியா இருக்கிற இடத்துல போய் நின்னுக்கலாம்.

---

கிண்டல்குமார் எழுதியது:

அமெரிக்காவோட தேசிய நடனமே இதுதான்னு சட்டம் இருக்காமே, உண்மையா?

---

பழுப்புத்தாள் எழுதியது:

பாதி உண்மை. 1982இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் தீர்மானத்தில் அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். 1982, 1983 இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் "தேசிய நாட்டார் நடனம்". நிரந்தரமாக்கப் பலமுறை மசோதா கொண்டுவந்தார்கள், நிறைவேறவில்லை. நாட்டில் எத்தனையோ மக்களின் நடனங்கள் இருக்க இதற்கு மட்டும் எதற்குப் பட்டம் என்ற எதிர்ப்பு பலமாக இருந்தது. பிறகு மாநிலம் மாநிலமாகப் போனார்கள். வாஷிங்டன் மாநிலம் அதற்கும் முன்பே, 1979இல், அறிவித்திருந்தது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இது அதிகாரபூர்வ நடனம். ஆடுகிற ஆட்களைவிட அரசாணைகள் அதிகமாகிவிட்டதோ என்று தோன்றும்.

---

பைக்ஸ்பீக்_பாலா எழுதியது:

சிரிச்சுட்டேன். சரி, என் கேள்விக்கு வாங்க. 1950ல சான்டா மோனிகாவுல, நகரத்தோட வைர விழாவுக்கு, நடுரோட்டுல ஒரே ராத்திரியில 15,000 பேருக்கு மேல ஸ்கொயர் டான்ஸ் ஆடியிருக்காங்க. ஷாகிட்ட படிச்ச பாப் ஆஸ்குட் அதுக்குள்ள 1948லயே லாஸ் ஏஞ்சல்ஸ்ல "செட்ஸ் இன் ஆர்டர்"னு மாசப் பத்திரிகை ஆரம்பிச்சுட்டாரு, 1985 வரைக்கும் வந்துச்சு. 1952ல ரிவர்சைடுல முதல் தேசிய மாநாடு. 1976ல அனஹைம் மாநாட்டுக்கு 40,000 பேர் பக்கம். அதுக்கப்புறம் என்ன ஆச்சு? டிவியா?

---

உஷா_மிச்சிகன் எழுதியது:

எல்லாரும் டிவியைத்தான் சொல்வாங்க. நான் உள்ள இருந்து பார்க்கிறவ, வேற சொல்றேன்: வாசப்படி உயர்ந்துக்கிட்டே போச்சு.

பாப்பி ஷா காலத்துல ஊருக்குப் புதுசா வந்தவன்கூட அன்னைக்கு ராத்திரியே சதுரத்துல நின்னுடலாம். ஒரு ஜோடி மத்த மூனு ஜோடிகிட்ட போய் அதே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும். முதல் ரெண்டு தடவை பார்த்தாலே மூனாவது வந்துடும். அப்புறம் மைக் வந்துச்சு, ரெக்கார்ட் வந்துச்சு. வாத்தியக் கோஷ்டி தேவையில்ல. ஒரு ஆளு ஒரு பெட்டியோட ஊர் ஊராப் போய் ஐநூறு பேரை ஆட்டலாம். வாராவாரம் வர்ற கூட்டம் "போன வாரம் ஆடினதே வேண்டாம், புதுசு கொடு"ன்னு கேட்டுது. கூவுறவங்க ஆளுக்கொரு புது அழைப்பு (கூவிச் சொல்ற அசைவுக்குப் பேரு அதுதான்) கண்டுபிடிச்சாங்க, ஆயிரக்கணக்குல. ஒரு ஊர்ல கத்துக்கிட்டது அடுத்த ஊர்ல உதவாது.

அதைச் சரிபண்ணத்தான் கூவுறவங்க சேர்ந்து 1974ல "காலர்லேப்"னு சங்கம் தொடங்கினாங்க. பட்டியல் போட்டாங்க. "மெயின்ஸ்ட்ரீம்" ஏறக்குறைய 70 அழைப்பு. அதுக்கு மேல "ப்ளஸ்", இன்னும் 30 பக்கம். அதுக்கு மேல "அட்வான்ஸ்ட்", "சேலஞ்ச்". உலகம் பூரா ஒரே பாடத்திட்டம். டோக்கியோ தம்பி சொன்ன வசதி இதனாலதான் கிடைச்சுது. விலை? உள்ள வரணும்னா செப்டம்பர்ல சேர்ந்து மே வரைக்கும் வாராவாரம் வகுப்பு. முடிச்சதும் "கிராஜுவேஷன்", சர்டிஃபிகேட் எல்லாம் உண்டு! டான்ஸுக்கு வந்தவனை டிகிரி படிக்க வெச்சுட்டாங்க. சின்ன வயசுக்காரங்களுக்கு அந்த ஒன்பது மாசம் எங்க இருந்து கிடைக்கும்? ரிடையர் ஆனவங்களுக்குத்தான் கிடைக்கும்.

இன்னொன்னு உடை. பொண்ணுங்களுக்கு உள்ள அடுக்கடுக்கா விறைப்பான பெட்டிகோட், மேல குடை மாதிரிப் பாவாடை. ஆம்பளைக்கு முழுக்கைச் சட்டை, கயித்து டை. 1950கள் ஃபேஷன் அப்படியே உறைஞ்சு போச்சு. முதல் வருஷம் நான் சுடிதார்ல போனதுக்கு ஒரு க்ளப்புல முகத்தைச் சுளிச்சாங்க. இப்ப கட்டாயம் இல்ல, ஜீன்ஸ் போதும்.

---

பழுப்புத்தாள் எழுதியது:

உஷா அம்மா சொல்வதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. பள்ளியில் எல்லாருக்குமாகத்தான் ஷா இதைத் தொடங்கினார். ஆனால் குழுவை மேடையேற்றியபோதே பார்வையாளர், ஆடுபவர் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. பயிற்சி பெற்ற ஷையன் மவுண்டன் பிள்ளைகள் ஆடியதைப் பார்த்துத்தான் ஜனங்கள் மயங்கினார்கள். தாங்களும் அப்படியே ஆட விரும்பினார்கள். 1946இல் வந்த "டூயல் இன் தி சன்" படத்தின் குழு நடனங்களைக்கூட ஷாதான் அமைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டம் ஒருமுறை காட்சியாகிவிட்டால் அதற்குத் தரம் வந்துவிடும், தரம் வந்தால் பாடத்திட்டம் வந்துவிடும். வித்து அங்கேயே விழுந்தது என்பேன்.

---

பைக்ஸ்பீக்_பாலா எழுதியது:

அண்ணே, அது கொஞ்சம் கடுமை. காட்டாம எப்படிப் பரப்புறது? அவரு எப்பவும் எளிமைப் பக்கம்தான் நின்னாரு, 1958ல போயிட்டாரு. எழுபது அழைப்புப் பட்டியல் போட்டது பதினாறு வருஷம் கழிச்சு வேற ஆளுங்க. பேரன் செஞ்சதுக்குத் தாத்தாவைக் கூண்டுல ஏத்துறீங்க.

---

பழுப்புத்தாள் எழுதியது:

கூண்டில் ஏற்றவில்லை. சாட்சியாகத்தான் கூப்பிட்டேன்.

---

வைகைக்கரை எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம் உஷாக்கா. எட்டுப் பேரை அங்கங்க கலைச்சுப் போட்டுட்டு, அந்தக் கூவுறவர் எப்படித் திரும்பச் சொந்த ஜோடிகிட்ட கொண்டுவந்து சேர்க்கிறாரு? முன்னாடியே எழுதி வெச்சிருப்பாரா?

---

உஷா_மிச்சிகன் எழுதியது:

இதைத்தான் யாராவது கேட்க மாட்டாங்களான்னு பார்த்தேன்!

ஆட்டம் ரெண்டு பகுதி. ரெண்டும் சேர்ந்தா ஒரு "டிப்". முதல் பகுதி "பேட்டர்". பின்னால தாளம் மட்டும் ஓடும், இவரு மனசுக்கு வந்தபடி கூவுவாரு. எழுதிவெச்சுக் கூவுறவங்களும் இருக்காங்க. நல்ல கைகாரங்க கண்ணாலயே செய்வாங்க. முதல்லயே ஒரு சதுரத்துல ரெண்டு ஜோடியை அடையாளம் வெச்சுக்குவாங்க: சிவப்புச் சட்டைக்கு நீலப் பாவாடை, வழுக்கைத் தலைக்குக் கண்ணாடிக்காரம்மா. அப்புறம் எட்டுப் பேரையும் கலக்கோ கலக்குன்னு கலக்கிட்டு, அந்த நாலு பேரை மட்டும் பார்த்துப் பார்த்து நகர்த்தி ஜோடி சேர்ப்பாங்க. அவங்க சேர்ந்துட்டா மத்த நாலு பேரும் கிட்டத்தட்ட தானா சேர்ந்துடுவாங்க. சேர்ந்த கணத்துல "அலமாண்ட் லெஃப்ட்"னு ஒரு குரல். ஹால் பூரா ஒரே நேரத்துல அவங்கவங்க கார்னரைப் பிடிப்பாங்க. ரூபிக் க்யூப் கடைசித் திருப்புல நிறம் சேர்றதைப் பார்ப்பீங்களே, அப்படி இருக்கும். எனக்கு இன்னும் புல்லரிக்கும்.

ரெண்டாவது பகுதி பாட்டு. தெரிஞ்ச மெட்டு எடுத்து நடுநடுவுல அழைப்பைச் செருகிப் பாடுவாரு. 64 தாளம் ஒரு சுற்று, மொத்தம் ஏழு சுற்று. முதல்ல, நடுவுல, கடைசியில ஜோடி மாறாது. மீதி நாலு சுற்றுல ஒவ்வொரு தடவையும் ஜோடி மாறி, நாலாவது முடியும்போது சொந்த ஜோடி வந்துடும்.

யாராவது ஒருத்தர் தப்புப் பண்ணா எட்டுப் பேரும் நின்னுடணும். அதைத்தான் புதுசா வர்றவங்க பயப்படுறாங்க. பயப்படத் தேவையில்ல. நல்லா ஆடத் தெரிஞ்சவங்க சும்மா உதவிக்குன்னே வகுப்புக்கு வருவாங்க, அவங்களுக்குப் பேரே "ஏஞ்சல்ஸ்". தோளைத் தொட்டுத் திருப்பி விட்டுடுவாங்க.

---

பைக்ஸ்பீக்_பாலா எழுதியது:

அன்னைக்கு அந்தத் தாத்தா என்னை மூனு தடவை திருப்பிவிட்டாரு. அப்ப அவரு ஏஞ்சல்!

போன வாரம் அவருகிட்ட இந்த இழையைப் பத்திச் சொன்னேன். வாசப்படி உயர்ந்த கதையைக் கேட்டுட்டு, "எங்களுக்கும் தெரியும், தாமதமாத் தெரிஞ்சுது"ன்னாரு. இப்ப 50 அழைப்போட நிறுத்திக்கிற ஒரு சின்னத் திட்டம் இருக்காம். மூனு மாசத்துல முடிச்சுடலாம். அவங்க க்ளப் அதுக்கு மாறியிருக்கு. புது வகுப்புக்கு இதுவரைக்கும் ஆறு பேர் பேர் கொடுத்திருக்காங்க. சதுரத்துக்கு எட்டு வேணும். "நீயும் உன் வீட்டம்மாவும் வந்தா எட்டு"ன்னாரு. எப்படி மறுக்கிறது?

---

டோக்கியோ_தமிழ் எழுதியது:

மறுக்காதீங்க. அடுத்த தடவை டோக்கியோ வந்தா நேரா என் சீனியர் க்ளப்புக்குக் கூட்டிட்டுப் போறேன்.

---

கிண்டல்குமார் எழுதியது:

அண்ணே, அலமாண்ட் லெஃப்ட்னா இடது கையையா கொடுக்கணும்? எங்க அப்பத்தா பார்த்தா என்ன சொல்லும்!

---

உஷா_மிச்சிகன் எழுதியது:

இடது கைதான். அதுவும் உள்ளங்கையை இல்ல, முழங்கைக்குக் கீழ முன்கையைப் பிடிக்கணும். பாலா, அதனால இடது கையில வாட்ச் வேண்டாம், கழட்டி வெச்சுட்டுப் போங்க. வீட்டம்மா வளையலையும். தோல் அடி ஷூ இருந்தா போட்டுக்கோங்க, ரப்பர் அடி தரையைப் பிடிச்சு இழுக்கும், மறுநாள் முட்டி பேசும்.